சாமி அலமாரி மேலிருந்து

சின்னத்தை போனை வைத்துவிட்டாள். இந்துமதிதான் இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. வலது கையில் போன், இடது கையில் பையனின் தலை, சுவரில் சாய்ந்து பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் குடித்து முடித்துத் தூங்கியும் போய்விட்டான், ஆனால் வாயை எடுக்கவில்லை, எடுத்தால் விழித்துக்கொள்வான், விழித்தால் அவ்வளவுதான், மத்தியானம் வரைக்கும் வீடு ரெண்டுபட்டுவிடும். "எடப்பக்கமே குடுத்துட்டு இருக்காத கண்ணு, வலப்பக்கம் பால் கட்டிக்கும்" என்றுதானே சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். காங்கேயத்துச் சின்னத்தை, மாமியாரின் தங்கை, பிள்ளைகள் பெற்று வளர்த்தவள், அவள் சொன்னால் என்ன தப்பு. "சரிங்கத்தை" என்று இவளும் தலையை ஆட்டியாயிற்று. தலையை ஆட்டி முடித்த பிறகுதான் உள்ளே ஏதோ ஒன்று நின்று யோசித்தது. காங்கேயத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருப்பார்களோ. யார் சொல்வது, இவள் யாரிடமும் சொல்லவில்லையே. பிரசவத்துக்கு முன்னாலிருந்தே வலது தோளில் ஒரு பிடிப்பு, அதனால் இடது கையில் ஏந்திக்கொள்வதுதான் வசதி, அது இவளுக்கும் பையனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் அப்படித்தான், எதையாவது ஒன்றைச் சொல்லி வைப்பார்கள், பாதி பலிக்கும். ஆனால் "நேத்தும் பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன்" என்று நடுவில் சொன்னாளே. பாத்தேன் என்று சொன்னாளா, கேட்டேன் என்றா? பாத்தேன் என்றுதான்.

கண் தன்னால் மேலே போயிற்று. எதிர்ச்சுவரில் பூஜை அலமாரி, அதன் மேல் தட்டில் முருகனுக்கும் குலதெய்வத்துக்கும் நடுவில், முட்டைக்குக் கழுத்து வைத்த மாதிரி அந்த வெள்ளைக் கேமரா, நெற்றியில் ஒரு நீலப் புள்ளியோடு. அதை அங்கே வைத்தது யுவராஜ். மஸ்கட்டிலிருந்து பையனைப் பார்க்க லீவில் வந்தவன் பெட்டியில் பால் மாவோடும் பேரீச்சம்பழத்தோடும் இதையும் எடுத்துக்கொண்டு வந்தான். "நீ தனியா இருக்கற, நான் அங்கிருந்து அப்பப்ப பாத்துக்குவேன்" என்றான். அப்போது அது எவ்வளவு இனிப்பாக இருந்தது! ஈரோட்டில் ஒரு மூன்றாவது மாடி வீடு, அம்மாவால் தம்பி வீட்டை விட்டு வரமுடியாது, மாமனார் மாமியாருக்குப் பெருந்துறைக்கு அந்தப் பக்கம் தோட்டம், மாடுகளை விட்டுவிட்டு வரமுடியாது, ஆக மொத்தம் யாராலும் வரமுடியாது, கேமராவால் வரமுடிந்தது. பேர் வைக்கும் விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னால் மாட்டினான். மாமாவுக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். வாட்சப்பில் அனுப்புவதற்கு அழைப்பிதழ் செய்ய அச்சகத்துக்குப் போனவர், கீழே ரெண்டு வரி சேர்த்துக்கொண்டு வந்தார். நேரில் வர இயலாத சொந்தபந்தங்கள் தங்கள் இல்லத்திலிருந்தே குழந்தையைக் கண்டு ஆசி வழங்குமாறு, என்று ஆரம்பித்து ஆப்பின் பெயர், உள்ளே போவதற்கான போன் நம்பர், பாஸ்வேர்டு, எல்லாம் ரோஜாப்பூ பார்டருக்குள். போன் நம்பர் இந்துமதியுடையது, ஏனென்றால் யுவராஜின் ஊர் சிம் அப்போது வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டு தோட்டத்தின் பெயரும் ஒன்று ரெண்டு மூன்றும். மறக்காமல் இருக்கவேண்டுமாம். யாருக்கும் மறந்திருக்காது.

அந்த அழைப்பிதழ் எங்கெங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். சொந்தக்கார குரூப்புக்குப் போயிற்று. மாமாவின் பால் சொசைட்டி குரூப்புக்குப் போயிற்று. யுவராஜின் கம்பெனித் தமிழர்களுக்குப் போயிற்று. இவள் மட்டும் என்ன யோக்கியம், காலேஜ் குரூப்பில் போட்டாள், பழைய ஆபீஸ் குரூப்பில் போட்டாள், கையெடுத்துக் கும்பிடும் பொம்மையை வேறு ரெண்டு சேர்த்துப் போட்டாள். அங்கிருந்து யார் யாருக்கு அனுப்பினார்களோ. விசேஷ அழைப்பிதழ் என்றால் கை சும்மா இருக்குமா, வந்தால் தள்ளிவிடுவதுதானே பழக்கம், பேர் கூடத் தெரியாதவர்கள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை எத்தனை இவள் போனுக்கு வந்திருக்கிறது. அன்று எல்லோரும் பார்த்தார்கள், துபாயிலிருந்து ஒருவர் "தொட்டிலை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் தள்ளுங்க" என்று போன் பண்ணிச் சொன்னார், மாமா தள்ளினார். விசேஷம் முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள், வாழைமரத்தை அவிழ்த்தார்கள், வாடகைக்கு வந்த நாற்காலி போயிற்று. பாஸ்வேர்டை எடுக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இவளுக்கும் தோன்றவில்லை. வந்த கூட்டம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

தோள் வலித்தது. புடவைத் தலைப்பை இழுத்து மூட வேண்டும், ஆனால் தலைப்பின் பாதி பையனின் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பாயோடு சேர்த்துத் திரும்பி உட்காரலாமா, திரும்பினால் கழுத்து அசையும், அசைந்தால் விழிப்பான். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக, பின்பக்கம் தேய்த்துத் தேய்த்து, சுவர்ப் பக்கம் திரும்பினாள். இப்போது அதற்கு முதுகு மட்டும்தான் தெரியும். முதுகு தெரிகிறது. முதுகு கூசியது. ரவிக்கை நனைந்து ஒட்டியிருக்கும். இத்தனை நாளும் என்னவெல்லாம் தெரிந்திருக்கும்? படுக்கை அறைக்குள் போயிருக்கலாம்தான், ஆனால் தொட்டில் கொக்கி ஹாலில்தான் இருக்கிறது, வீட்டைக் கட்டியவன் ஒரே ஒரு கொக்கிதான் வைத்தான், அதனால் எல்லாமே ஹாலில், துணி மடிப்பது, தலை காயவைப்பது, வெறும் பாவாடையோடு ஓடிவந்து தொட்டிலை ஆட்டிவிட்டு மறுபடி குளிக்க ஓடுவது. ஐயோ, அது. அதை விடு. தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு அதே அலமாரிக்கு முன்னால் நிற்கிறாளே. முகத்தை அண்ணாந்தபடி, அதற்கு நேர் கீழே. கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, முருகா இன்னைக்கு ஒரு ராத்திரியாவது தூங்க விடு, முருகா எனக்குப் பைத்தியம் பிடிக்காம பாத்துக்கோ. அதெல்லாம் முருகனுக்குச் சொன்னது. யார் யாரோ கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதற்குக் காதும் உண்டு என்று யுவராஜ்தான் பெருமையாகச் சொன்னான், பேசினால்கூடக் கேட்குமாம்.

காதும் உண்டு. அப்படியானால் செவ்வாய்க்கிழமை.

இவ்வளவு நேரமும் எதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாளோ அது வந்துவிட்டது. பாவாடையும் பாலும் வெட்கம்தான், வெட்கத்தில் யாரும் செத்துவிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை வேறு. அன்று பையன் காலையிலிருந்து அழுதான். பால் வேண்டாம், தொட்டில் வேண்டாம், தோள் வேண்டாம், ஓமத்தண்ணீரும் வேலைக்காகவில்லை, முகம் ரத்தச் சிவப்பாகி மூச்சை இழுத்து இழுத்து அழுதான், அதற்கு முந்தின ராத்திரியும் தூங்கவில்லை, அதற்கும் முந்தின ராத்திரியும். சாயங்காலம் இவளுக்கு உள்ளே ஏதோ அறுந்துபோயிற்று. அவனைப் பாயில் கிடத்தினாள். போடவில்லை, கிடத்தினாள், அதில் சந்தேகமே இல்லை, தலைக்குக் கைகொடுத்து மெதுவாகத்தான் கிடத்தினாள், ஆனால் மேலே சாமி அலமாரியிலிருந்து பார்த்தால் கிடத்தியது போலத் தெரியுமா போட்டது போலத் தெரியுமா? கிடத்திவிட்டு நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "எதுக்குடா வந்து பொறந்த? எனக்கு நீ வேண்டாம் போ" என்றாள். வாய்விட்டு. பெற்ற பிள்ளையைப் பார்த்து. அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்தபோது அவன் அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தான், தூக்கத்திலும் விக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் படுத்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அவ்வளவையும் முருகனும் குலதெய்வமும் நடுவில் இருந்த முட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது மட்டும் மாமா கண்ணில் பட்டிருந்தால், அத்தை காதுக்குப் போயிருந்தால், பையன் இங்கே இருக்கமாட்டான். அதில் சந்தேகமில்லை. அத்தை ஏற்கனவே ரெண்டு மூன்று தடவை போகிற போக்கில் சொல்லிவிட்டாள், "பையனக் கொண்டாந்து தோட்டத்துல உட்ரு அம்மணி, பசும்பால் ஊத்தி நாங்க வளத்திக்கறோம், நீ நிம்மதியா வேலைக்குப் போ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவார்கள், யாரும் திட்டமாட்டார்கள், ஒரு வார்த்தை கடுமையாக இருக்காது, "உனக்கு ஒடம்பு முடியல கண்ணு, தேறி வா" என்று தொட்டில் துணியோடு அவனை எடுத்துக்கொண்டு போவார்கள். யுவராஜும் அதுதான் சரி என்பான். பெற்றவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே, அதையும் தன் காதால் கேட்டுவிட்டானே. மடியில் கிடந்தவனின் உச்சந்தலை துடித்துக்கொண்டிருந்தது. இவள் அவனை இறுக்கினாள், இறுக்கியதும் அவன் முனகினான், உடனே தளர்த்தினாள். இதையும் பார்ப்பார்களோ? அழுத்துகிறாள் என்பார்களோ?

பார்த்திருக்கிறார்களா இல்லையா? புதன்கிழமை அத்தை போன் பண்ணி "பையன் நல்லாத் தூங்கறானா?" என்று கேட்டாள். எப்போதும் கேட்பதுதான். ஆனால் எப்போதும் "தூங்கறானா" என்பாள், அன்று "நல்லா" என்று சேர்த்தாள். சேர்த்தாளா, இப்போது இவளாகச் சேர்த்துக்கொள்கிறாளா? வியாழக்கிழமை யுவராஜ் பேசும்போது நடுவில் கொஞ்சம் பேசாமல் இருந்தான். என்னங்க என்று கேட்டதற்கு நெட்டு சரியில்லை என்றான். மஸ்கட்டில் என்ன நெட்டு சரியில்லாமல் போகிறது? வெள்ளிக்கிழமை மாமா, எதற்கும் போன் பண்ணாத மாமா, தானாகப் போன் பண்ணி "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்றார். சும்மா எதற்கு ஒரு மனுஷர் போன் பண்ணுவார்? சின்னத்தைக்கு இடப்பக்கம் தெரிந்திருக்கிறது, வலப்பக்கம் தெரிந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை மட்டும் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் பாலைப் பற்றி ஆரம்பிக்கிறாளோ, மெல்ல மெல்ல மற்றதற்கு வரலாம் என்று. ஒருவேளை எல்லோரும் பார்த்து, எல்லோரும் பேசிக்கொண்டு, இவளை விட்டுவிட்டு வேறு குரூப் ஆரம்பித்து, அதில், சே, இது என்ன புத்தி. ஆனால் அந்தப் புத்தி நிற்கவில்லை.

போனில் ஆப்பைத் திறந்தாள். கட்டை விரலால் மட்டும். திரையில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது, ஈர ரவிக்கை, அவிழ்ந்த கொண்டை, அவளுக்கே அது யாரோ போல இருந்தது. பாஸ்வேர்டை மாற்று என்ற இடம் சுலபமாகவே கிடைத்தது. தொட்டதும் கேட்டது, மாற்றினால் மற்ற எல்லாப் போன்களும் வெளியேற்றப்படும், சரியா? சரி என்பதன் மேல் விரல் நின்றது. எல்லாப் போன்களும் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். மாமா நாலு தடவை தோட்டத்தின் பெயரைத் தட்டிப் பார்ப்பார், தப்பு தப்பு என்று வரும், யார் மாத்தினது, இந்து மாத்திட்டா, எதுக்கு மாத்தறா? அந்த வீட்டில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதே ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் மத்தியானம் கதவைச் சாத்திப் படுத்ததற்கு "ஏன் அம்மணி, ஒடம்பு சரியில்லையா" என்று அரைமணிக்கொரு தரம் தட்டினாள் அத்தை. பூட்டினால் ஒளிக்கிறாள் என்று அர்த்தம். இத்தனை நாள் திறந்து வைத்திருந்தவள் இன்றைக்குப் பூட்டினால் இத்தனை நாளில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். கேமராவுக்குள் இருக்கிற கார்டில் ஒரு வாரம் வரைக்கும் படம் நிற்குமாம், அன்றைக்குப் பார்க்காதவர்கள்கூட அப்புறம் போய்ப் பார்ப்பார்கள். யுவராஜிடம் சொல்லி அவனை மாற்றச் சொல்லலாம். போன மாதம் ஒருமுறை, எல்லாருக்கும் பாஸ்வேர்டு தெரியுமே என்று பட்டும்படாமலும் சொன்னபோது, "யாரு பாக்கப் போறாங்க, பாத்தாலும் நம்ம சனந்தானே" என்று சிரித்தான். நம்ம சனம்தான். நம்ம சனத்துக்குத்தானே பயம். சரி என்பதை அழுத்தாமலே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பையன் தானாகவே வாயை எடுத்தான். அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தொட்டிலில் விட்டாள், ஒரு ஆட்டு ஆட்டினாள், விழிக்கவில்லை. தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டு, கொடியில் காய்ந்த வெள்ளைத் துணி ஒன்றை உருவி, ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அது அவளைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பியது. ஆள் அசைந்தால் தானாகத் திரும்புமாம், யுவராஜ் சொல்லியிருக்கிறான், தெரியும், இருந்தும் ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். முட்டையின் மேல் துணியைப் போட்டாள். காற்றில் பறந்து விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு மத்தியானமாவது, மனதில் ஒன்றும் ஓடாமல், தரையில் குப்புறப் படுக்கவேண்டும்.

ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் பாயில் கிடந்த போன் அடித்தது, இறங்கிப்போய் எடுத்தாள்.

"என்னாச்சு கண்ணு, ஒரே இருட்டா இருக்குது, கரண்டு போயிருச்சா?" சின்னத்தை.

"துணி விழுந்துருச்சுங்கத்தை, எடுத்தர்றேன்" என்றாள். அப்புறம் கேட்டேவிட்டாள், குரல் அவளுடையது போலவே இல்லை. "தெனமுமா பாக்கறீங்க?"

"பின்னே? எனக்கு வேற என்ன பொழப்பு, தொட்டிலப் பாத்துட்டே காய் நறுக்குவேன். செவ்வாக்கெழம மட்டும் பூராப் பொழுதும் எனக்கு நெட்டே கெடைக்கல, கையொடிஞ்சாப்ல ஆயிருச்சு போ."

வைத்ததும் மாமா. பின்னால் கேன்கள் உருளும் சத்தம், ஆட்களின் பேச்சு. "ஏங்க அம்மணி, கேமரா என்னமோ ஆயிருச்சுங்களா? சொசைட்டியில அல்லாரும் பாத்துட்டு இருந்தோம், செயலாளரு வேற பேரன் எங்க எங்கங்கறாரு."

பால் சொசைட்டியில். எல்லோரும். இந்துமதி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் அங்க வெச்சுத்தான் பாப்பீங்களா மாமா?"

"பால் ஊத்துன பொறகு சித்த நேரம். நம்ம பேரனாச்சே. செவ்வாக்கெழம சந்தைக்குப் போயர்றது, அன்னைக்கு இல்லீங்க."

அப்புறம் யுவராஜிடமிருந்து ஒரு வரி, கேமரா ஆஃபா என்று. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை ரெண்டு ஷிஃப்ட், அது அவளுக்கே தெரியும், அன்று அவன் போனைத் தொட்டிருக்கவே மாட்டான். ஏன் இதை முன்னாலேயே நினைக்கவில்லை? அத்தையிடம் இருப்பது பட்டன் போன், மாமா காட்டினால்தான் பார்ப்பாள். ஒருவரும் பார்க்கவில்லை. சந்தையும் நெட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அவளைக் காப்பாற்றிவிட்டன. ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்தாள். பையன் இங்கேதான் இருப்பான், இந்தத் தொட்டிலில், இந்தக் கொக்கியில். சிரிப்பு வந்தது. அலமாரியைப் பார்த்து, முருகா, என்றாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டு, துணிக்கு அடியில் காது இன்னும் திறந்திருக்கிறது என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி போன். பேர் வரவில்லை, வெறும் நம்பர். கூரியர்க்காரனாக இருக்கும் என்று எடுத்தாள்.

"தாயி, புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

வயதான பெண்குரல். மெதுவான, தெற்குப் பக்கத்துப் பேச்சு. அவர்கள் சொந்தத்தில் அப்படிப் பேசுகிறவர்கள் யாருமில்லை.

"நீங்க யாருங்க?"

"என்னைய உனக்குத் தெரியாது தாயி. பேரு வைக்கிற பத்திரிக எம்மகன் போனுக்கு வந்துச்சு, யாரு அனுப்புனாகன்னு அவனுக்கே தெரியல. தொட்டிலு தெரியுமாம்னு சும்மா அமுக்கிக் குடுத்தான். பொறவு தெனமும் பாப்பேன். எனக்கு எங்கிட்டுப் போக்கிடம். ஒன் நம்பரும் அதுலயே இருந்துச்சு. திடுதிப்புனு ஒண்ணும் தெரியாம மறச்சிருச்சா, பயந்துபோனேன்."

இந்துமதி போனைக் காதிலிருந்து எடுத்து அந்த நம்பரை ஒருமுறை பார்த்தாள். வைக்கவேண்டும், இப்போதே வைத்துவிட்டு, போலீஸுக்கு, யுவராஜுக்கு, யாருக்காவது.

"செவ்வாக்கெழம நீ அழுதியே, அன்னைக்கே கூப்புடணும்னு இருந்தேன். யாரோ எவளோன்னு நெனைப்பியேன்னு விட்டுட்டேன். நீ சொன்னத மனசுல வச்சுக்கிறாத தாயி. நானும் சொல்லிருக்கேன், எம்புள்ள மூணையும் பாத்துச் சொல்லிருக்கேன். புள்ளைய எடுக்க ஆயிரம் பேரு வருவாக, ஒன்னைய யாரு எடுப்பா?"

பார்த்திருக்கிறாள். கேட்டிருக்கிறாள். யாருக்குத் தெரியக்கூடாது என்று மூச்சுமுட்டக் கிடந்தாளோ, அது முழுக்க, எந்த ஊரோ தெரியாத ஒரு கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பெல்லாம் கூசியது. கூசிக்கொண்டே அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அதுவும் பயத்தில் வந்த அழுகை இல்லை என்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அழாத. சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள், யார் கேட்டாலும் சொல்வது போல.

"எங்கிட்ட எதுக்குத் தாயி பொய்யி? விடிஞ்சதுலருந்து நீ அடுப்படிப் பக்கம் போகவே இல்லியே."

இந்துமதி எழுந்தாள். ஸ்டூலின் மேல் ஏறி எக்கி, முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். துணிக்குள் நீலப் புள்ளி அணைந்தது. சொந்தபந்தம் மொத்தமும் இனி அடுத்தடுத்து அடிக்கும், அடிக்கட்டும். அந்தப் பக்கம் "தாயி, இருக்கியா?" என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. போனை மட்டும் அவளால் வைக்க முடியவில்லை.